ராமநாதபுரம் கடற்கரை வீட்டுக்கு வெள்ளக் காப்பீடு தேவையா? படிப்படியாக முடிவு செய்யும் முறை

வீட்டுக் காப்பீடு பற்றி விசாரிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது "வருசத்துக்கு எவ்வளவு கட்டணும்?" என்பதுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. எந்தத் தண்ணீர் வரும், எவ்வளவு உயரம் வரும், அது எவ்வளவு ரூபாய்க்குச் சேதம் செய்யும், அதில் எவ்வளவை நாமே தாங்க முடியும் என்று வரிசையாகப் பார்த்த பிறகுதான் பிரீமியம் கூடுதலா குறைவா என்றே சொல்ல முடியும்.

இன்னொரு குழப்பத்தையும் முதலிலேயே தீர்த்துவிடலாம். இணையத்தில் அதிகம் கிடைப்பது அமெரிக்க ஆலோசனை. அங்கே சாதாரண வீட்டு பாலிசியில் வெள்ளம் சேராது; தனி வெள்ள பாலிசி வாங்க வேண்டும், அதற்கு 30 நாள் காத்திருப்பும் உண்டு. இந்தியாவில் அப்படி இல்லை. 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்றுவரும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற, எந்த நிறுவனத்திலும் ஒரே வாசகம் கொண்ட வீட்டு பாலிசியிலேயே தீ, மின்னல், நிலநடுக்கம், புயல், சுனாமி, வெள்ளம், நீர் சூழ்தல் எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன. எனவே இங்கே கேள்வி "தனி வெள்ள பாலிசி வேண்டுமா" என்பதல்ல. "வெள்ளமும் புயலும் அடங்கிய வீட்டு பாலிசி என் வீட்டுக்குப் பயன்படுமா" என்பதே.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

அளவு நாடா, கொத்தனார் வைத்திருக்கும் ஒளி ஊடுருவும் லெவல் டியூப் (10 மீட்டருக்குக் குறையாமல்), சாக்குக் கட்டி, ஒரு நோட்டு, உதவிக்கு ஒரு ஆள்.

தாள்களில்: பட்டா அல்லது கிரயப் பத்திரம், வீட்டு வரி ரசீது, கட்டட வரைபட அனுமதி இருந்தால் அது, மின் கட்டண ரசீது, வீட்டுக் கடன் இருந்தால் கடன் ஒப்பந்தம், ஏற்கெனவே எடுத்த எல்லா பாலிசிகளும். இவற்றைத் தேடி எடுப்பதற்குள் சலித்துப்போய்ப் பாதியில் விடுகிறவர்கள்தான் அதிகம். அதனால் அளக்கும் நாளுக்கு முந்தைய நாளே இவற்றைச் சேர்த்து வைத்துவிடுங்கள்.

1. எந்தத் தண்ணீர் என்று பிரித்துப் பாருங்கள்

இந்தக் கடற்கரையில் வீட்டுக்குள் தண்ணீர் வரும் வழி ஒன்றல்ல. வழிக்கு வழி சேதமும் மாறும், பாலிசி அதை நடத்தும் விதமும் மாறும். அதனால் இது முதல் படி.

மழைத் தண்ணீர் தேங்குவது. மாவட்டத்தின் ஆண்டு சராசரி மழையே சுமார் 800 மி.மீ.தான். ஆனால் 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 400 மி.மீ.க்கு மேல் கொட்டியது. வறண்ட ஊர் என்ற நினைப்பில் வாய்க்காலை அடைத்துக் கட்டிய இடங்களில் இந்த மாதிரி மழைக்குப் போக வழி இருக்காது. தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பகுதியில் மணற்பாங்கான இடமானால் தண்ணீர் சீக்கிரம் உறிஞ்சப்படும். தரவையை (உப்பு படிந்த தாழ்வான வெட்டவெளி) ஒட்டிய உவர்க் களிமண் என்றால் நாள்கணக்கில் நிற்கும்.

கண்மாய், ஆற்றுத் தண்ணீர். வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பி, மிஞ்சினால் ஆற்றங்கரை பக்கம் கடலில் சேர்கிறது. குண்டாறு முகையூர் பக்கம் கடலுக்குப் போகிறது. உங்கள் ஊரில் மழையே இல்லாத நாளிலும் மேலே பெய்த மழை கலிங்கு (கண்மாயின் மிகைநீர் வெளியேறும் இடம்) வழியாக இறங்கி வரலாம். உங்கள் வீட்டுக்கு மேற்கே எந்தக் கண்மாய், அதன் கலிங்கிலிருந்து தண்ணீர் போகும் பாதை எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

புயலில் ஏறும் கடல். தொண்டி, நம்புதாளை, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் வழியாக மண்டபம் வரை உள்ள பாக் நீரிணைக் கரை ஆழமற்றது. சாதாரண நாளில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனாலேயே வீடுகள் கடலுக்கு மிக அருகில் வந்துவிட்டன. ஆனால் ஆழமற்ற கடலில்தான் புயல்காற்று தண்ணீரைக் கரைமேல் அதிகமாகக் குவிக்கும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது மழையல்ல, இப்படிக் குவிந்த கடல்.

அலை எழுச்சி, அதாவது கள்ளக்கடல். மண்டபம் தெற்குக் கரையிலிருந்து பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வழியாக மாரியூர், நரிப்பையூர் வரை மன்னார் வளைகுடாக் கரை. உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் தென்கடலில் கிளம்பிய பெரிய அலை இங்கே வந்து மோதலாம். ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்குத் தனி எச்சரிக்கை தருகிறது.

கடைசியாகக் கடல் அரிப்பு. இதை மேற்சொன்ன நான்கோடும் சேர்த்துவிடாதீர்கள். கரை மெல்ல மெல்ல உள்ளே வந்து வீட்டின் கடைக்காலுக்கு அடியில் மணலை எடுத்துவிடுவது வெள்ளம் அல்ல. பாரத் கிருஹ ரக்ஷா வாசகம் நிலம் அமுங்குவதற்கு இழப்பீடு தருகிறது; ஆனால் கடல் அரிப்பாலோ ஆற்று அரிப்பாலோ அமுங்கினால் தராது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. கொட்டி உயர்த்திய மண் இறங்கிப்போவதும் அதே விலக்குப் பட்டியலில் இருக்கிறது. தரவையில் கிராவல் அடித்து வீடு கட்டியவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

நோட்டில் இந்த ஐந்தையும் எழுதி, உங்கள் வீட்டுக்கு எது வரும், எது வராது என்று குறியுங்கள். அரிப்பு மட்டும்தான் உங்கள் ஆபத்து என்றால் காப்பீடு அதற்கு விடையல்ல.

2. பழைய நீர்மட்டத்தைத் தேடுங்கள்

"எங்க தெருவுக்குத் தண்ணியே வந்ததில்லை" என்பது ஆதாரம் ஆகாது. சொல்பவர் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார், அதற்குப் பிறகு தெருவில் என்ன மாறியது என்று சேர்த்துக் கேட்க வேண்டும். தார்ச்சாலையை உயர்த்தினார்களா, ஊருணிக்குப் போகும் வாய்க்காலை மூடிக் கடை கட்டினார்களா, பக்கத்து மனையை மண் அடித்து மேடாக்கினார்களா? இதில் எது நடந்திருந்தாலும் பழைய அனுபவம் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

ஊரின் பழைய பொதுக் கட்டடங்களில் தேடுங்கள். கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பள்ளிக்கூடம், ரேஷன் கடைச் சுவரில் காரை உதிர்ந்த கோடு அல்லது நிறம் மாறிய கோடு இருக்கும். அது தண்ணீர் நின்ற உயரமா, தரையிலிருந்து ஏறிய உப்பு ஈரமா என்று பார்க்கத் தெரிய வேண்டும். தண்ணீர் நின்ற கோடு நேராக, எல்லாச் சுவரிலும் ஒரே உயரத்தில் போகும். உப்பு ஈரம் மேடு பள்ளமாக, சுவருக்குச் சுவர் வேறாக இருக்கும்.

மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் பாதிப்புக்கு உள்ளாகும் பகுதிகளை மிக அதிகம், அதிகம், நடுத்தரம், குறைவு என்று வகைப்படுத்தியிருப்பார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் குடியிருப்பு அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். பட்டியலில் இருந்தால் அது பலமான ஆதாரம். இல்லை என்பதால் மட்டும் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. பட்டியல் குடியிருப்பு வாரியானது, உங்கள் வீடு அந்தக் குடியிருப்பிலேயே தாழ்ந்த மூலையாக இருக்கலாம்.

3. லெவல் டியூப் வைத்து அளங்கள்

கைப்பேசியில் 'கடல் மட்டத்திலிருந்து 4 மீட்டர்' என்று காட்டுவதை நம்பி முடிவெடுக்காதீர்கள். இந்த மாதிரித் தட்டையான கடற்கரையில் அந்த எண்ணில் சில மீட்டர் பிழை வரும். நமக்குத் தேவைப்படுவதோ சென்டிமீட்டர் கணக்கு.

டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு குமிழிகூட இல்லாமல் தட்டி வெளியேற்றுங்கள். குமிழி இருந்தால் இரு முனையிலும் மட்டம் பொய்யாகக் காட்டும். புதியவர்கள் செய்யும் பிழை பெரும்பாலும் இதுதான். ஒரு முனையைப் பழைய நீர்க்கோட்டில் பிடித்து, மறு முனையை அடுத்த சுவருக்குக் கொண்டுபோய், தண்ணீர் அசையாமல் நின்றதும் சாக்குக் கட்டியால் கோடு போடுங்கள். அங்கிருந்து அடுத்த சுவர். இப்படியே உங்கள் வீட்டு வாசல்வரை அந்த மட்டத்தைக் கொண்டுவந்துவிடலாம். தண்ணீர் தெருவில் மெல்லச் சரிந்து ஓடுவதால் தூரம் கூடக் கூட இந்த முறை பொருந்தாது. எனவே உங்கள் தெருவுக்குள்ளோ அடுத்த தெருவிலோ உள்ள கோட்டைத்தான் பயன்படுத்த வேண்டும்.

நோட்டில் நான்கு உயரங்களை எழுதுங்கள்: பழைய நீர்மட்டம், இன்றைய சாலை மட்டம், வீட்டுத் தரை, மிகத் தாழ்வான மின் செருகுமுனை. நீர்மட்டத்தின்மேல் 30 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். சாலைகள் உயர்ந்ததும் வாய்க்கால் அடைபட்டதும் பழைய கோட்டில் பதிவாகியிருக்காது என்பதால்தான் இந்தக் கூட்டல்.

இன்றைய சாலை உங்கள் வீட்டுத் தரையைவிட உயரமாக இருந்தால், பழைய கோடு எதுவும் கிடைக்காவிட்டாலும், சாலை உயரத்தையே குறைந்தபட்ச நீர்மட்டமாக எடுத்துக்கொள்ளுங்கள். சாலை அணைபோல் நின்றுவிடும்.

4. அந்த உயரத் தண்ணீர் எவ்வளவு செலவு வைக்கும்?

கூட்டி எடுத்த நீர்மட்டத்திலிருந்து வீட்டுத் தரை உயரத்தைக் கழித்தால், வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கிடைக்கும். பூஜ்ஜியமோ அதற்குக் கீழோ வந்தால் 5ஆம் படிக்குப் போகாமல் நேராக 8க்குப் போகலாம். மற்றவர்கள் அறை அறையாக நடந்து, அந்த உயரத்துக்குக் கீழே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் இன்றைய விலையை எழுத வேண்டும்.

10 செ.மீ. தண்ணீருக்கே மெத்தை, தரையில் அடுக்கிய அரிசி மூட்டை, பிளைவுட் கட்டில் அலமாரியின் கால் பகுதி, தரையில் வைத்த இன்வெர்ட்டர் பேட்டரி போய்விடும். 20, 30 செ.மீ. வந்தால் ஃபிரிட்ஜின் கம்ப்ரசர், வாஷிங் மெஷினின் மோட்டார், வெளியே உள்ள மோட்டார் பம்பு. இவையெல்லாம் இயந்திரத்தின் அடிப்பக்கத்தில் இருப்பதால் பாதி நனைந்தாலே முழுதும் கெட்ட மாதிரிதான். அதற்கு மேல் போனால் செருகுமுனைகள், சுவருக்குள் போன வயரிங், கதவு நிலை. சுண்ணாம்புக் காரையிலோ மண் சாந்திலோ கட்டிய பழைய ஓட்டு வீட்டில் தண்ணீர் இரண்டு மூன்று நாள் நின்றால் சுவரே இறங்கும். அங்கே சாமான் கணக்கை விட்டுவிட்டுக் கட்டடத்தின் முழு விலையை எழுதுங்கள்.

1ஆம் படியில் கடல் தண்ணீரைக் குறித்திருந்தால் கணக்கை ஒரு படி கடுமையாக்க வேண்டும். மழைத் தண்ணீரில் நனைந்த மோட்டாரைக் காயவைத்து வார்னிஷ் அடித்து மீட்கலாம். உப்புத் தண்ணீர் பட்டது காய்ந்த பிறகும் உப்பு உள்ளேயே இருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். மின் சாமான்களை முழு விலைக்கே எழுதிவிடுங்கள்.

வெளியே உள்ளவற்றை மறந்துவிடுகிறார்கள்: சுற்றுச்சுவர், தனிக் கழிப்பறை, செப்டிக் டேங்க், தரைத் தொட்டி. மணற்பாங்கான இடத்தில் நிலத்தடி நீர் ஏறும்போது காலியாக இருக்கும் தரைத் தொட்டி மிதந்து மேலே வந்து வெடித்துவிடும். புயல் எச்சரிக்கை வந்ததும் தொட்டியை நிரப்பி வைப்பது இதற்காகத்தான்.

5. எவ்வளவைத் தாங்க முடியும்?

அரசு நிவாரணம் வரும் என்ற நம்பிக்கையில் இந்தப் படியைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். எவ்வளவு என்று தெரிந்துகொண்டு நம்புவது நல்லது. 2022–26 காலத்துக்கான மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிப்படி, சமவெளிப் பகுதியில் முழுமையாகச் சேதமான வீட்டுக்கு ரூ.1,20,000. குறைந்தது 15 சதவீதம் சேதமான பக்கா வீட்டுக்கு ரூ.6,500, கச்சா (ஓலை, மூங்கில் போன்ற உறுதியற்ற பொருளில் கட்டிய) வீட்டுக்கு ரூ.4,000. குடிசைக்கு ரூ.8,000. வீடு அடித்துச் செல்லப்பட்டாலோ கடுமையாக நீரில் மூழ்கிக் கிடந்தாலோ உடைக்கு ரூ.2,500, பாத்திரங்களுக்கு ரூ.2,500. மாநில அரசு சில நேரம் கூட்டித் தரும். அதை முன்கூட்டிக் கணக்கில் சேர்க்க முடியாது.

இப்போது கணக்கு எளிது. 4ஆம் படியில் வந்த இழப்பிலிருந்து நிவாரணத்தைக் கழியுங்கள். பிறகு, நகையை அடகு வைக்காமலும் வட்டிக்கு வாங்காமலும் ஒரே மாதத்தில் உங்களால் எடுக்க முடிந்த தொகையைக் கழியுங்கள். மீதி நிற்பதுதான் காப்பீடு சுமக்க வேண்டிய பாரம். மீதியே இல்லை என்றால் வெள்ளத்துக்காக பாலிசி எடுக்க வேண்டிய அவசியமில்லை.

கடல்தொழில் குடும்பங்கள் ஒன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டில் தண்ணீர் புகும் அதே வாரத்தில் கடலுக்கும் போக முடியாது. சேமிப்பு எவ்வளவு என்று எழுதும்போது, வருமானம் இல்லாத அந்த வாரங்களின் வீட்டுச் செலவை அதிலிருந்து எடுத்துவிட்டு எழுதுங்கள்.

6. ஏற்கெனவே என்ன இருக்கிறது?

வீட்டுக் கடன் வாங்கியவர்கள் "பேங்க்லயே இன்சூரன்ஸ் போட்டுட்டாங்க" என்று இருந்துவிடுகிறார்கள். அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடாக அது இருக்கும் வாய்ப்பு அதிகம். அதில் கட்டடத்துக்கு ஒரு பைசாகூட இல்லை.

கட்டடத்துக்கான பாலிசியாகவே இருந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, முடியும் தேதி. கடன் 15 ஆண்டு ஓடும், பாலிசி சில ஆண்டுகளில் முடிந்திருக்கும். இரண்டாவது, காப்பீட்டுத் தொகை. கடன் பாக்கிக்கு மட்டும் எடுத்திருந்தால் அது வங்கியைக் காப்பாற்றும், உங்களை அல்ல. மூன்றாவது, வீட்டுச் சாமான்கள் சேர்ந்திருக்கின்றனவா என்பது.

7. உங்கள் வீடு பாலிசிக்குத் தகுதிப்படுமா?

தேவை இருந்தும் இங்கே தடுக்கி விழுகிறவர்கள் உண்டு. பிரீமியம் கட்டுவதற்கு முன்பே சரிபார்க்க வேண்டியவை இவை.

பெயர். பட்டா தாத்தா பெயரில், வரி ரசீது அப்பா பெயரில், பாலிசி மகன் பெயரில் என்றால் இழப்பீடு கேட்கும்போது 'உங்களுக்கு இந்த வீட்டில் என்ன உரிமை' என்ற கேள்வி வரும். வாரிசுச் சான்று வாங்கிப் பட்டா மாற்றிய பிறகு பாலிசி எடுங்கள். அல்லது உரிமை உள்ளவர் பெயரிலேயே எடுங்கள். புறம்போக்கில் உள்ள வீட்டுக்கு நிலையை எழுத்தில் சொல்லி, நிறுவனத்தின் பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்ட வேண்டும்.

கட்டுமானம். பனை ஓலை, தென்னங்கீற்று, மூங்கில், பலகை, தார்ப்பாய்ச் சுவரோ கூரையோ இருந்தால் கச்சா கட்டுமானம் என்று எடுத்துக்கொள்வார்கள். கான்கிரீட் வீட்டின் மொட்டைமாடியில் கீற்றுக் கொட்டகை போட்டிருந்தால் அதையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள். மறைத்த விவரம் இழப்பீட்டை மறுக்கக் காரணமாகும்.

பயன்பாடு. வாசலில் கடை, பின்கட்டில் கருவாடு, கருப்பட்டி, வலை இருப்பு என்றால் அவை வீட்டுச் சாமான் அல்ல, தொழில் சரக்கு. வீட்டு பாலிசி அதற்குப் பணம் தராது. 5 கோடி ரூபாய் வரையிலான சிறு தொழில்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற தனி பாலிசி உண்டு. அதிலும் வெள்ளம் சேரும். படகு, வண்டி, ஆடு மாடு எதுவும் வீட்டு பாலிசியில் வராது. வண்டிக்கு முழு மோட்டார் பாலிசி இருந்தால்தான் வெள்ளச் சேதம் கிடைக்கும், மூன்றாம் நபர் பாலிசி போதாது.

கடலோர ஒழுங்குமுறை மண்டலம். கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் திரும்பக் கட்ட அனுமதி கிடைக்குமா என்பதை ஊராட்சி அல்லது நகராட்சியில் இப்போதே விசாரித்து வையுங்கள். பணம் வந்தும் அதே இடத்தில் கட்ட முடியாத நிலை வரக்கூடும்.

பூட்டிய வீடு. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் குடும்பத்தோடு வெளிநாட்டில் இருப்பவர்கள் பலர். வீடு நீண்ட நாள் காலியாக இருக்கும் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதி, ஊரில் உள்ள ஒருவருக்குத் தகவல் சொல்லவும் சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் ஆய்வாளரை (சர்வேயர்) உள்ளே விடவும் அதிகாரக் கடிதம் கொடுத்து வையுங்கள்.

8. தொகையைக் கணக்கிட்டு, பாலிசியைப் படியுங்கள்

நிலத்தின் விலையைச் சேர்க்காதீர்கள். கடற்கரையில் மனை விலை கட்டடத்தைவிட அதிகமாக இருக்கலாம், ஆனால் வெள்ளத்தில் நிலம் போகாது. அதற்குக் கட்டும் பிரீமியம் வீண். கணக்கு இதுதான்: வீட்டின் உட்புறத் தரைப்பரப்பு × இன்று கட்ட ஆகும் செலவு. உதாரணமாக 700 சதுர அடி, சதுர அடிக்கு ரூ.2,000 என்றால் ரூ.14,00,000. சுற்றுச்சுவர், தனிக் கழிப்பறை, தொட்டி ஆகியவற்றைத் தனியே எழுதிச் சேர்க்க வேண்டும். கட்டிய காலத்துச் செலவைப் போடாதீர்கள். இன்றைக்கு உள்ளூர் மேஸ்திரி சொல்லும் விலையைப் போடுங்கள். ராமேசுவரம் தீவுப் பகுதியில் பொருள் ஏற்றிவரும் கூலியும் அதில் சேர வேண்டும்.

பாரத் கிருஹ ரக்ஷாவில் கட்டடத்தைக் காப்பீடு செய்தால், பொதுவான வீட்டுச் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம் தானாகவே சேரும். உச்சவரம்பு 10 லட்சம். மேலே சொன்ன உதாரணத்தில் அது ரூ.2,80,000. 4ஆம் படியில் உங்கள் சாமான் கணக்கு இதற்குமேல் போயிருந்தால் பட்டியல் கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம். வாடகைக்கு இருப்பவர்கள் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம். கட்டடம் உரிமையாளர் பொறுப்பு. நகைக்குத் தனியே விருப்பப் பிரிவு உண்டு. பத்திரம், ரொக்கம், கல்விச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு இழப்பீடு இல்லை. அவற்றை மேலே ஏற்றி வைப்பதுதான் வழி.

இந்த வாசகத்தின் பெரிய நன்மை, குறைவாகக் காப்பீடு செய்துவிட்டீர்கள் என்று சொல்லி இழப்பீட்டை விகிதப்படி வெட்டமாட்டார்கள் என்பது. பரப்பளவைச் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். இடிபாடு அகற்றும் செலவுக்கு இழப்பீட்டில் 2 சதவீதம், பொறியாளர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரையும் உண்டு. வீடு வசிக்க முடியாதபடி ஆனால் மாற்று வீட்டு வாடகைக்கும் இடம் இருக்கிறது. புயல் காப்பகத்துக்குப் போன நேரத்தில் வீட்டில் திருடு போனால், அந்தச் சம்பவத்தின் விளைவாக 7 நாளுக்குள் நடந்த திருட்டும் அடங்கும்.

படிக்கும்போது மூன்று இடங்களில் விரலை வைத்து நிறுத்துங்கள். ஒவ்வொரு இழப்பிலும் உங்கள் கையிலிருந்து போகும் கழிவுத் தொகை எவ்வளவு? விலக்குப் பட்டியலில் அரிப்பு தவிர வேறு என்ன இருக்கிறது? உங்களிடம் நீட்டுவது பாரத் கிருஹ ரக்ஷாவா, வேறு பெயரில் உள்ள தீ பாலிசியா? பழைய மாதிரித் தீ பாலிசிகளில் புயல், வெள்ளப் பிரிவை நீக்கிவிட்டுப் பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட முடிந்தது. அந்தப் பிரிவை ஏஜெண்டுகள் 'எஸ்டிஎஃப்ஐ' என்பார்கள். தீயைவிடத் தண்ணீர் அதிகம் வரும் கரையில் அந்தப் பிரிவு இல்லாத மலிவு பாலிசி எதற்கும் உதவாது.

கூரை ஒழுகல், சுவரில் ஏறும் உப்பு ஈரம், கம்பி துருப்பிடித்துக் காரை விழுவது எல்லாம் தேய்மானம். எந்த பாலிசியும் இதற்குத் தராது.

9. இப்போது முடிவு

இரண்டு நிறுவனங்களிடமிருந்து ஒரே தொகைக்கு, வரி உட்பட, எழுத்தில் விலை வாங்குங்கள். 10 ஆண்டு வரை நீண்டகால பாலிசியும் உண்டு. ஆண்டுக்கு எவ்வளவு விழுகிறது என்று வகுத்துப் பாருங்கள். 20 ஆண்டுப் பிரீமியத்தைக் கூட்டினாலும் 5ஆம் படியில் நின்ற மீதித் தொகையில் பாதியைத் தொடவில்லை என்றால் எடுத்துவிடலாம் என்பது எங்கள் கருத்து.

வீட்டின்மேல் கடன் இருந்தால், தரை உயரமாக இருந்தாலும் எடுங்கள். வீடு போனாலும் தவணை நிற்காது.

மணல்மேட்டில், பழைய நீர்மட்டத்துக்கு மேலே, கடன் இல்லாத கான்கிரீட் வீடு என்றால் வெள்ளத்துக்காக அவசரப்பட வேண்டாம். ஆனால் ஓட்டுக் கூரையோ தகரக் கூரையோ இருந்தால் காற்றை வைத்து மறுபடி கணக்குப் போடுங்கள். அதே பாலிசிதான் புயல்காற்றுக்கும்.

கீற்று வீட்டுக்கு, கிடைக்கும் இழப்பீட்டோடு பிரீமியத்தை ஒப்பிட்டால் பெரும்பாலும் கட்டிவராது. அந்தப் பணத்தில் பரணையும், ஆவணங்களுக்கு நீர்புகாப் பெட்டியும், தரையை ஒன்றிரண்டு அடி உயர்த்துவதும் அதிகப் பலன் தரும்.

அரிப்பு முன்னேறிவரும் கரையில் முதல் வரிசை வீடு என்றால் பாலிசி பாதிப் பாதுகாப்புதான். புயலில் கடல் ஏறினால் தரும், கரை தின்றால் தராது. அந்த வீட்டில் மாடி எடுக்கவோ விரிவாக்கவோ சேமிப்பைப் போடாதீர்கள்.

10. எடுப்பதென்றால் எப்போது, எடுத்தபின் என்ன?

ஆகஸ்டு, செப்டம்பரில் முடித்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். புயல் சின்னம் உருவாகி எச்சரிக்கைக் கூண்டு ஏறியபின் புதிய பாலிசியை ஏற்க நிறுவனங்கள் தயங்கும்.

பாலிசி கையில் வந்த அன்றே அறை அறையாகக் காணொளி எடுங்கள். ஃபிரிட்ஜ், மோட்டார், டிவி ஆகியவற்றின் தொடர் எண் தெரியும்படி படமெடுத்து, ஊரில் இல்லாத ஒரு உறவினரின் கைப்பேசிக்கும் அனுப்பி வையுங்கள். வீட்டோடு கைப்பேசியும் நனைந்தால் ஆதாரம் எங்காவது இருக்க வேண்டும்.

தண்ணீர் புகுந்துவிட்டால், முதலில் மெயினை அணையுங்கள். வடிந்த பிறகும் எந்த மின் சாமானையும் 'ஓடுதான்னு பார்ப்போம்' என்று போடாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்பது ஒன்று. மின்கசிவால் எரிந்தது விலக்கில் வருவதால் வெள்ளச் சேதம் மின்சேதம் ஆகிவிடும் என்பது இன்னொன்று. சுவரில் நீர்க்கோட்டின் அருகே அளவு நாடாவை வைத்துப் படமெடுங்கள். அன்றே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிப் பதிவு எண் வாங்குங்கள். இழப்பீட்டுப் படிவத்தை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஆய்வாளர் வருமுன் நனைந்த சாமானைத் தூக்கி எறியாதீர்கள். நாற்றம் தாங்காமல் மெத்தையை வெளியேற்றத்தான் வேண்டும் என்றால், படமெடுத்து, ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொண்டு, நிறுவனத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் வெள்ளம் சூழ்ந்ததற்கான சான்றும் வாங்கி வையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. அங்கே பதிவான புகாரும் துணை ஆதாரம்.

மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் எழுதி ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் ஏற்க முடியாததாக இருந்தாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. மறுப்புக் கடிதம், பாலிசி நகல், நீர்க்கோட்டுப் படம், கிராம நிர்வாக அலுவலர் சான்று ஆகியவற்றை மனுவோடு சேர்த்து அனுப்புங்கள்.